பெயர் வெட்டிய பாத்திரம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் சென்னையில் காசநோய் ஆய்வகம் ஒன்றிலும், பின்னர் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவத் துறையிலுமாக 31 ஆண்டுகள் தொழில்நுட்பராகப் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான பள்ளத்தூரில் வசிக்கிறார்.)

தேவகோட்டை வாசகி: ஆறு மாதமாக வயிற்றில் எரிச்சல். மதுரையில் மருத்துவர் ஒரு கேப்சூலை விழுங்கிவிட்டு மூச்சை ஊதும் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் கதிரியக்கம் இருக்கிறது என்று மருமகள் பயப்படுகிறாள். போகலாமா? காரத்தை நிறுத்திவிட்டால் போதாதா?

போங்கள், அம்மா. தயங்க வேண்டாம். காரத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கேப்சூல். நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம் என்றால் பத்து வீட்டு அண்டாவும் தாம்பாளமும் ஒரே வளவில் வந்து குவியும். எல்லாம் ஒரே பித்தளை, ஒரே பளபளப்பு. கல்யாணம் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது விளிம்பைத் தடவி, வெட்டியிருக்கும் எழுத்தைப் படித்து, இது இன்னார் வீட்டுடையது என்று பிரிப்பார்கள். பெயர் வெட்டியதால் அண்டாவில் சோறு வேகாமல் போவதில்லை. அடுப்புக்கு அந்த வேறுபாடே தெரியாது.

உங்களுக்குத் தரப்போவது பெயர் வெட்டிய யூரியா. யூரியாவில் இருக்கும் சாதாரணக் கார்பனுக்குப் பதிலாகக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்திருப்பார்கள். நம் உடம்பின் செல்களுக்கு யூரியாவை உடைக்கும் நொதி கிடையாது. ஆனால் இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுக்கு அது ஏராளமாக உண்டு. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அந்த அம்மோனியாவைக் கொண்டு தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டுதான் அது அங்கே உயிர்வாழ்கிறது. உடைபட்ட யூரியாவின் கார்பன், கார்பன் டை ஆக்சைடாகி ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். மூச்சில் பெயர் வெட்டிய கார்பன் வந்தால், இரைப்பையில் அந்தக் கிருமி உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

பரிசோதனை நடக்கும் விதத்தையும் சொல்கிறேன், தெரிந்துகொண்டு போனால் படபடப்பு இருக்காது. வெறும் வயிற்றில் கேப்சூலைத் தண்ணீருடன் விழுங்குவீர்கள். பத்து நிமிடம் போல உட்கார வைப்பார்கள். சில இடங்களில் பலூனிலோ அட்டை போன்ற ஒரு கருவியிலோ ஊதச் சொல்வார்கள். எங்கள் துறையில் ஒரு சிறு குப்பியில் நீல நிறத் திரவம் இருக்கும். உறிஞ்சு குழாய் வழியாக அதற்குள் மெல்ல ஊத வேண்டும். ஊத ஊத நீலம் வெளிறும். ஒரு கட்டத்தில் நிறம் முழுவதும் போய்த் தண்ணீர் போல் தெளிந்துவிடும். தேவையான அளவு கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஊதுவதற்குப் பதில் மறந்தும் உறிஞ்சிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் குழாயைக் கையில் கொடுப்பேன். பிறகு குப்பியைக் கருவியில் வைத்தால், கார்பன்-14 சிதையும் ஒவ்வொரு முறையும் எழும் நுண்ணிய ஒளித்துளியை அது எண்ணும்.

மருமகளின் பயத்துக்கு வருகிறேன். கேப்சூலில் இருப்பது 1 மைக்ரோகியூரி. அதனால் உடம்பில் படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒவ்வொரு நாளும் நம் எல்லோர் மீதும் இயற்கையாகப் படுவதைவிடக் குறைவு. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 5730 ஆண்டுகள் என்று எங்காவது படித்துவிட்டு அஞ்ச வேண்டாம். அது அத்தனை காலம் உங்கள் உடம்பில் தங்குவதில்லை. பெரும்பகுதி மூச்சிலும் சிறுநீரிலுமாகச் சில நாட்களில் போய்விடும்.

இனி காரம். என் ஆத்தாவுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வயிற்றுப் புண். "உங்கள் பக்கத்துக் காரம்தான் காரணம்" என்று ஒரு மருத்துவர் சொன்னார். உறவினர்களும் அதையே சொன்னார்கள். ஆத்தா அம்மியில் மிளகாயும் சோம்பும் மிளகும் அரைத்து வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறிவிட்டு, இரண்டாங்கட்டில் தனியே உட்கார்ந்து பால்சோறு சாப்பிடுவார்கள். வலியைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. தன் கைச் சமையலே தன்னைப் புண்ணாக்கிவிட்டது என்று அவர்கள் நம்பியதுதான் அது.

அந்த நம்பிக்கை தவறு என்பதற்கான சான்று 1982இலேயே கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பைத் துணுக்குகளிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் எதுவும் முளைக்காத தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவது ஆய்வக வழக்கம். அந்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி அது, அவ்வளவுதான். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

என் ஆத்தாவுக்கு 2003இல் நானே குப்பியைப் பிடித்துக்கொண்டேன். நீலம் வெளிறியது. எண்ணிக்கை மிக அதிகமாக வந்தது. 14 நாள் மருந்து. ஆறு வாரம் கழித்து மறுபடி ஊதியபோது கிருமி இல்லை. ஊருக்குத் திரும்பிய வாரத்தில் வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிளகாய், ஏற்கெனவே இருக்கும் எரிச்சலைக் கூட்டலாம். அதனால் இப்போதைக்குக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இரைப்பை, சிறுகுடல் புண்களுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று இந்தக் கிருமி. மற்றொன்று மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். நீங்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டுவந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்றும் முக்கியம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு முன்பும், ஆன்டிபயாடிக் எதையும் நான்கு வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருந்தால்தான் முடிவு நம்பத்தக்கது. அந்த மருந்துகள் கிருமியைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைத்திருந்தால், இருக்கும் கிருமியே இல்லாததுபோல் காட்டிவிடும். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.

காரைக்குடியிலிருந்து கல்லூரி மாணவர்: கதிரியக்கப் பொருளைக் கிருமியே உள்வாங்கிக்கொண்டால் அது செத்துவிடாதா? செத்த கிருமியை வைத்து என்ன ஆராய முடியும்?

நல்ல கேள்வி, தம்பி. உன் ஐயம் சரியானது. 1951இல் ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டதும் அதுதான்.

சற்றுப் பின்னால் போவோம். பெயர் வெட்டிய அணுவைப் பின்தொடரும் இந்தத் தடங்காட்டி முறைக்கு மூலவர் ஜார்ஜ் டி ஹெவெசி. 1911 வாக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்தபோது, தங்கியிருந்த விடுதியில் மிச்ச இறைச்சியை மறுநாளும் சமைத்துப் போடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். தட்டில் மிச்சம் வைத்த இறைச்சியில் கதிரியக்கப் பொருளைச் சிறிது தூவி வைத்தாராம். பிறகு பரிமாறப்பட்ட உணவில் கருவி அதைக் காட்டிக் கொடுத்துவிட்டதாம். பின்னாளில் அவரே சொல்லிவந்த கதை இது. 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, தடங்காட்டிகளைப் பயன்படுத்தியதற்காகவே அவருக்குக் கொடுக்கப்பட்டது.

1952இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டார்கள். வைரஸுக்கு மேலே புரத உறை, உள்ளே டிஎன்ஏ. புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் கிடையாது. டிஎன்ஏவில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் கிடையாது. ஆகவே ஒரு தொகுதி வைரஸுக்குக் கந்தகம்-35, மற்றொரு தொகுதிக்குப் பாஸ்பரஸ்-32 என்று தனித்தனியே பெயர் வெட்டினார்கள். பாக்டீரியா மேல் வைரஸை ஒட்ட விட்டு, சமையலறை மிக்ஸி போன்ற ஒன்றில் போட்டுச் சுற்றி உறைகளை உதிர்த்தார்கள். கந்தகம் பெரும்பாலும் வெளியே தங்கிவிட்டது. பாஸ்பரஸ் உள்ளே போயிருந்தது. பரம்பரைச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏதான் என்பதற்கு இது பெரும் சான்றாக அமைந்தது.

உன் கேள்விக்கான விடை அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஆய்வில் இருக்கிறது. ஹெர்ஷியும் உடன் பணியாற்றியவர்களும் வைரஸின் டிஎன்ஏவில் பாஸ்பரஸ்-32ஐ மிக அதிகமாக ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 14 நாள். பாஸ்பரஸ் அணு சிதைந்து கந்தகமாக மாறும்போது, டிஎன்ஏ இழையில் அது இருந்த கண்ணி அறுந்துபோகும். நாளுக்கு நாள் வைரஸ்கள் தொற்றும் திறனை இழந்துகொண்டே வந்தன. இத்தகைய சோதனைகளுக்குத் 'தற்கொலை' என்றே பெயர் வைத்தார்கள். எனவே எல்லாம் அளவில்தான் இருக்கிறது. தடம் பார்க்க வேண்டுமானால் சில அணுக்களுக்கு மட்டும் பெயர் வெட்டி, அது சிதைந்து சேதம் பெருகும் முன் வேலையை முடித்துவிட வேண்டும்.

கதிர்வீச்சைத் தாங்கும் கிருமியும் உண்டு. 1956இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், டப்பாவில் அடைத்த இறைச்சியைக் காமா கதிரால் தூய்மைப்படுத்திய பிறகும் அது கெட்டுப்போனது. அதிலிருந்து ஆர்தர் ஆண்டர்சன் பிரித்தெடுத்ததுதான் டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்ற, இளஞ்சிவப்பாக வளரும் பாக்டீரியா. உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சைக் கிரே என்ற அலகால் அளப்பார்கள். 5 கிரே அளவு நம் உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பாக்டீரியாவோ 5000 கிரேயைத் தாங்கி, நூறு துண்டுகளாகச் சிதறிய தன் டிஎன்ஏவைச் சில மணி நேரத்தில் கோத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. இயற்கையில் அத்தனை கதிர்வீச்சு எங்கும் கிடையாதே, பிறகு இந்தத் திறமை எதற்கு? நீரின்றி வற்றிக் காய்ந்தாலும் டிஎன்ஏ இதே போல் துண்டாகும். வறட்சியைத் தாங்கப் பெற்ற திறமையே கதிர்வீச்சுக்கும் உதவுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஊருணி வெடித்துக் காய்ந்து, ஒரு மழையில் மறுபடி பச்சை படர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை நம்புவது கடினமில்லை.

புதுவயல் வாசகர்: 1990களில் என் அப்பச்சிக்குக் காசநோய் வந்தபோது சளி வளர்ப்புச் சோதனை முடிவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்தோம். சென்ற ஆண்டு என் அண்ணன் மகனுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இடையில் என்ன மாறியது?

காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் பிரிந்துவிடும். முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து செய்த திட ஊடகத்தில் சளியை இட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் திட்டாகக் கிருமி வளரும் வரை நாலு வாரம், ஆறு வாரம், சில சமயம் எட்டு வாரம் காத்திருப்போம். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மேலும் சில வாரங்கள். அதற்குள் சிலர் இறந்துவிடுவார்கள். முடிவுத் தாளை எழுதி முடித்தபின் அதை வாங்க ஆள் வராமல் போன நாட்கள் என் நினைவில் அப்படியே இருக்கின்றன.

பிறகு ஒரு கருவி வந்தது. சிறு குப்பியில் 4 மில்லி திரவம். அதில் கார்பன்-14 கொண்ட பால்மிட்டிக் அமிலம், அதாவது பெயர் வெட்டிய கொழுப்பு, கிருமிக்கு உணவாகக் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும்படி வளர வேண்டியதில்லை, தின்று மூச்சு விட்டாலே போதும். கருவி ஊசியை ரப்பர் மூடிக்குள் இறக்கி, உள்ளே சேர்ந்த காற்றை உறிஞ்சி, அதில் இருக்கும் பெயர் வெட்டிய கார்பனை அளந்து, 0 முதல் 999 வரை ஓர் எண்ணைக் காட்டும். 10ஐத் தொட்டால் உள்ளே ஏதோ வளர்கிறது என்று பொருள். ஒரே நோயாளியின் கிருமியை மருந்துள்ள குப்பியிலும் மருந்தில்லாத குப்பியிலும் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் எண் ஏறும், மற்றொன்றில் அசையாமல் நிற்கும். மருந்துக் குப்பியிலும் எண் ஏறினால் அந்த மருந்து இவருக்குப் பயன்படாது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் கிருமி, அதன்பின் ஒரு வாரம் போல மருந்துச் சோதனை. நான் ஆண்டுக் கணக்கில் அந்த ஊசியின் ஓசையைக் கேட்டு வாழ்ந்தவள். சளியில் இருக்கும் ஒரு கிருமி மருந்துக்குப் பணிகிறதா இல்லையா என்பதை அதன் மூச்சைக் கொண்டே அறிந்த அந்த முறையை இன்றும் மதிப்போடு நினைக்கிறேன்.

கதிரியக்கக் கழிவை அகற்றுவது சிரமமானது. ஆகவே பின்னர் கிருமி ஆக்சிஜனைத் தீர்க்கத் தீர்க்க ஒளிரும் குழாய்கள் அந்த இடத்துக்கு வந்தன. உங்கள் அண்ணன் மகனுக்குச் செய்தது கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை. இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் அந்த மரபணுச் சோதனை செத்த கிருமியையும் காட்டும். அதனால் சிகிச்சை நடக்கும்போது குணமாகிவருவதை அறிய இன்றும் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதும் வளர்த்துப் பார்ப்பதும்தான் வழி. ஊட்டச்சத்தும் மாத்திரையும் ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் வாசகர்: என் மனைவிக்கு நீரிழிவு. காலில் புண் ஆறவில்லை. எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தை எடுத்துக் கதிரியக்கம் ஏற்றித் திரும்பச் செலுத்துவார்களாம். அவள் மறுக்கிறாள்.

சகோதரிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். நீரிழிவில் எலும்பு தானாகவே உருக்குலைந்து வீங்குவது உண்டு, கிருமி புகுந்து சீழ் பிடிப்பதும் உண்டு. சாதாரண எலும்பு ஸ்கேனில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் சிகிச்சை வேறு வேறு. பிரித்தறிய உடம்பின் காவலர்களையே கேட்கிறோம். 40, 50 மில்லி ரத்தம் எடுத்து, அதிலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளால் பெயர் வெட்டி, மீண்டும் அவர் நரம்பிலேயே செலுத்துவோம். வெள்ளை அணுக்கள் தம் வழக்கப்படி கிருமி இருக்கும் இடம் தேடிப் போகும். ஒரு மணி, நாலு மணி, மறுநாள் என்று கேமராவில் படம் எடுப்போம். நேரம் ஆக ஆக ஓர் இடத்தில் ஒளி கூடிக்கொண்டே போனால் அங்கே தொற்று இருக்கிறது.

டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான். மறுநாள் இதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அவ்வளவு விரைவில் மறைவதால் அதைச் சேமித்து வைக்க முடியாது. சிதைந்து டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம்-99 அடைத்த, ஜெனரேட்டர் எனப்படும் கலத்திலிருந்து தினமும் காலையில் உப்பு நீர் விட்டு இறக்கிக்கொள்வோம். உலகெங்கும் அதைப் 'பால் கறப்பது' என்றே சொல்கிறார்கள்.

உங்கள் மனைவி கேட்க வேண்டியது கதிர்வீச்சைப் பற்றி அன்று. எடுத்த ரத்தம் மாறாமல் அவருக்கே திரும்புகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் துறையில் இரண்டு பேர் சேர்ந்து பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே ஊசி போடுவோம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும்.

காரைக்குடியில் மசாலாப் பொடி தயாரிக்கும் வாசகி: வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி காமா கதிர் காட்டிய மிளகாய்த் தூள் வேண்டும் என்கிறார். பொடியில் கதிரியக்கம் ஏறிவிடாதா?

ஏறாது. இங்கே பெயர் வெட்டுவதே இல்லை, கொல்வது மட்டும்தான். கோபால்ட்-60 தன் உறைக்குள்ளேயே இருக்கும், பொடியைத் தொடாது. அதிலிருந்து வரும் காமா கதிர் மூட்டையை ஊடுருவிக் கிருமிகளின் டிஎன்ஏவை அறுத்துவிட்டுப் போய்விடும். அந்தக் கதிருக்கு உணவின் அணுக்களைக் கதிரியக்கமாக்கும் வலிமை இல்லை. வெயிலில் காயவைத்த மிளகாய் இரவில் ஒளிராதது போலத்தான். நம் நாட்டில் மசாலாப் பொருட்களுக்கு 6 முதல் 14 கிலோகிரே வரை அனுமதி உண்டு. மருத்துவமனை ஊசிகள் பலவற்றையும் இதே கதிரால் தூய்மைப்படுத்துகிறார்கள். மும்பையின் டிராம்பேயில் அதற்கான நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது. பாக்கெட்டில் கதிர் காட்டியதைக் குறிப்பிட்டு அதற்கான பச்சைச் சின்னத்தையும் அச்சிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேர்ந்துவிட்டால், கதிர் பூஞ்சையைத்தான் கொல்லும், நஞ்சு அப்படியே இருக்கும். மொட்டைமாடியில் மிளகாயை உலர்த்தும்போது சருகு போல் நொறுங்கும் வரை விடுங்கள். மாலையில் பனி இறங்கும் முன் அள்ளிவிடுங்கள். கருத்த காம்பை ஒன்றுகூட அரைக்க விடாதீர்கள்.

கண்டனூர் வாசகி: பேரனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் அந்த மூச்சுப் பரிசோதனை செய்யலாமா?

செய்யலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கார்பன்-13 கொண்ட யூரியா தருவார்கள். அதில் கதிரியக்கமே கிடையாது. எடை மட்டும் சற்றுக் கூடிய கார்பன் அது. அதைக் குடிக்கும் முன் ஒரு மூச்சு, குடித்தபின் ஒரு மூச்சு என்று இரண்டு பைகளில் பிடித்து ஒப்பிடுவார்கள். பரிசோதனை எழுதித் தரும்போதே "கார்பன்-13தானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் அழைத்துப் போங்கள். முடிந்ததும் சாப்பிட, கொட்டானில் ஏதாவது எடுத்துச் செல்லுங்கள்.